'நர்ஸிங்காவது'

தமிழில் 'ஆவது' என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. பார்வைக்கு மிகவும் சாது. ஆனால் அது செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல. "பாயசம் இல்லாவிட்டால் மோராவது போடுங்கள்" என்று பந்தியில் ஒருவர் சொன்னால், அத்துடன் மோரின் மானம் போயிற்று. "பட்டு இல்லாவிட்டால் நூல் புடைவையாவது வாங்கி வாருங்கள்" என்று வீட்டில் சொன்னால், நூல் நெய்தவனுடைய உழைப்பெல்லாம் இரண்டாம்பட்சமாகி விடுகிறது.

உபாத்தியாயர்களாகிய நாம் இந்தச் சொல்லை வருஷத்தில் ஒரு மாதம், பிளஸ்-டூ பரீட்சை முடிவுகள் வெளியாகும் சமயத்தில், மிகத் தாராளமாகச் செலவழிக்கிறோம். மார்க்குப் பட்டியலும் கையுமாகத் தகப்பனார் வருவார். பின்னால் தலை குனிந்தபடி பெண் நிற்பாள். "டாக்டருக்கு இந்த மார்க்குப் போதாது. நர்ஸிங்காவது படிக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பி விடுவோம். எத்தனை பேருக்கு இப்படிச் சொன்னோம் என்று நாம் கணக்கு வைத்திருக்கவில்லை. ஒருத்திக்குச் சொன்னது மட்டும் இப்போது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனெனில் அவளே அதை நமக்கு ஞாபகப்படுத்தினாள்.

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை. தேங்காய், ஆடு, காய்கறி என்று பொழுது விடியுமுன்பே கூட்டம் சேர்ந்து விடும். சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாயன்று, பள்ளிக்கூடம் போகுமுன் கத்தரிக்காய் வாங்கலாமென்று நாமும் அங்கே போயிருந்தோம். தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரே இரைச்சல். ஐம்பது வயதுள்ள ஒரு வியாபாரி, காயை எண்ணிக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்து உட்கார்ந்து விட்டார். "பித்த மயக்கம், சோடா கொடுங்கள்" என்றார் ஒருவர். "முகத்தில் தண்ணீர் அடியுங்கள்" என்றார் மற்றொருவர். மூன்றாமவர், பக்கத்துத் தெருவில் இருக்கும் 'டாக்டரிடம்' தூக்கிக்கொண்டு போய் ஓர் ஊசி போட்டால் சரியாகி விடும் என்றார். அந்த 'டாக்டர்' எந்தக் கலாசாலையில் என்ன படித்தவர் என்பது அந்தத் தெருவுக்கே தெரியாத பரம ரகசியம்.

அப்போது காய்கறிப் பையுடன் ஓர் இளம் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கீழே உட்கார்ந்து, "அண்ணே, என்னைப் பாருங்க. கொஞ்சம் சிரிங்க" என்றாள். அவர் சிரிக்க முயன்றார். வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. "ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க" என்றாள். வலது கை நின்றது. இடது கை தானாகவே கீழே இறங்கியது. "உங்க பேரு என்னண்ணே?" என்று கேட்டாள். பதில் குழறிற்று. உடனே கூட இருந்த பங்காளியைப் பார்த்து, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லாப் பேசினார்?" என்று விசாரித்துத் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டாள். "சோடா வேண்டாம், தண்ணிகூடக் கொடுக்காதீங்க. ஊசி ஒண்ணும் போடக் கூடாது. ஒரு பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வையுங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. இது பக்கவாதம்."

பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "நீ நர்ஸுதானேம்மா? டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

"ஆமாங்க, நர்ஸுதான். டாக்டர்கிட்டத்தான் அனுப்பறேன். நேரம் தப்பறதுக்குள்ள அனுப்பறேன்" என்றாள் அவள்.

மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் கட்டியால் அடைபட்டால், அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கட்டியா, ரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் அதையும் கொடுக்கலாம். அதற்குள் தெருவில் யாரோ ஓர் ஊசியைப் போட்டு, "சாயந்திரம் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால், சாயந்திரம் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. வியாபாரி தர்மபுரிக்குப் போனார், ஸ்கேன் எடுத்தார்கள், மருந்தும் ஏறிற்று. இப்போது மறுபடியும் செவ்வாய்தோறும் காய் எண்ணுகிறார். இடது கை மட்டும் சிறிது மந்தம்.

வண்டி போன பிறகு அந்தப் பெண் நம் பக்கம் திரும்பி, "ஸார், என்னைத் தெரியலையா? நீங்கதானே சொன்னீங்க, 'நர்ஸிங்காவது படி கண்ணு' என்று!" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதனால்தான் நமக்கு அதிகமாக உறைத்தது.

* * *

அவள் இப்போது பக்கத்துக் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் இடைநிலை சுகாதாரப் பணியாளராக இருக்கிறாள். நாலு வருஷம் பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்து, அதற்கு மேல் சமூக சுகாதாரத்தில் ஆறு மாதப் பயிற்சியும் பெற்றவள். சமவெளியில் சுமார் ஐயாயிரம் ஜனங்களுக்கும், மலைப் பிரதேசத்தில் சுமார் மூவாயிரம் ஜனங்களுக்கும் ஒரு துணை நிலையம் என்பது நம் தேசத்து ஏற்பாடு. 2018-ஆம் வருஷத்திலிருந்து இந்த நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றி, பிரசவமும் தடுப்பூசியும் மட்டுமின்றி, முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் இவற்றில் புற்றுநோய்க் குறி முதலியவற்றையும் பரிசோதிக்கும் வேலையை இத்தகைய நர்ஸுகளிடம் ஒப்புவித்திருக்கிறார்கள். நம் ராஜ்யத்தில் 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ஆம் தேதி, அடுத்த ஜில்லாவான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுத் திண்ணைக்கே கொண்டு வந்தது.

இவ்வளவு வேலை செய்கிறவளுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்த மருந்தைத் தொடர்ந்து கொடுக்கலாம். சர்க்கார் வகுத்த நிலையான உத்தரவுகளில் கண்டுள்ள சில மருந்துகளையும் கொடுக்கலாம். தொலைபேசியில் டாக்டரைப் பிடித்து ஆலோசனை கேட்கலாம். மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். இவற்றுக்கு அப்பால், சுயேச்சையாக மருந்துச் சீட்டு எழுதும் பொது உரிமை நம் தேசத்து நர்ஸுக்கு இல்லை. பக்கத்துத் தெரு 'டாக்டருக்கோ' இப்படிப்பட்ட எல்லை ஒன்றுமே இல்லை. போலீஸ் வரும் நாள்வரை அவர் எதையும் எழுதலாம், எதையும் குத்தலாம். தெரிந்தவளுக்கு அதிகாரம் இல்லை. தெரியாதவனுக்குத் தயக்கம் இல்லை. நமது கிராமங்களின் வைத்திய நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

பிற தேசங்களில் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்ப்போம். 1965-ஆம் வருஷத்தில், அதாவது நம் தர்மபுரி ஜில்லா சேலத்திலிருந்து பிரிந்து தனியான அதே வருஷத்தில், அமெரிக்காவில் கொலராடோ சர்வகலாசாலையில் லொரெட்டா போர்டு என்ற நர்ஸும் ஹென்றி ஸில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து ஒரு புதுப் படிப்பை ஏற்படுத்தினார்கள். நாட்டுப்புறங்களில் குழந்தைகளுக்கு டாக்டர் கிடையாது, நர்ஸ் உண்டு. அந்த நர்ஸுக்கே பரிசோதிக்கவும், நோயைத் தீர்மானிக்கவும், ஓர் எல்லைக்குள் சிகிச்சை செய்யவும் கற்றுக் கொடுத்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம். அப்படிப் பிறந்தவர்தான் 'நர்ஸ் பிராக்டிஷனர்.' அந்த அம்மாள் நூற்று நாலு வயது வரை வாழ்ந்து 2025-ஆம் வருஷம் ஜனவரியில் காலமானார். அவர் கண் மூடுமுன் அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர்களின் தொகை மூன்றரை லக்ஷத்தைத் தாண்டி விட்டது. அங்கே பாதிக்கு மேற்பட்ட ராஜ்யங்களில் அவர்கள் டாக்டர் கையொப்பமின்றியே மருந்து எழுதலாம். இங்கிலாந்திலோ, தனிப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் தங்கள் திறமைக்கு உட்பட்ட ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எழுத 2006-ஆம் வருஷத்தில் அனுமதி கிடைத்தது.

இதனால் நோயாளிகள் கெட்டுப் போனார்களா? 2000-ஆம் வருஷத்தில் மேரி முண்டிங்கர் என்பவரும் அவருடைய சகாக்களும் நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல் பிரித்து, சிலரை டாக்டரிடமும் சிலரை நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அனுப்பி, ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். உடம்பு நிலையில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணவில்லை. 2002-இல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்த ஒரு தொகுப்பாராய்ச்சியும் அவ்வாறே கூறிற்று. நர்ஸுகள் நோயாளியுடன் அதிக நேரம் பேசுகிறார்கள், சோதனைகளும் சற்று அதிகம் எழுதுகிறார்கள், நோயாளிகளுக்குத் திருப்தியும் அதிகம் என்று அது கண்டது.

இங்கே நேயர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அந்த நர்ஸுகள் பட்டத்துக்கு மேல் முதுநிலைப் பட்டமும் பெற்று, தேசியப் பரீட்சையிலும் தேறியவர்கள். நம்முடைய ஆறு மாதப் பயிற்சியை அதற்கு ஈடு என்று சொல்வது நியாயமாகாது. நம் பழைய மாணவியே அதை ஒப்ப மாட்டாள். நம் தேசத்தில் அந்தப் பெயருக்கு உரிய படிப்புகள் வேறு. 2016-17-இல் இந்திய நர்ஸிங் கவுன்ஸில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பை ஏற்படுத்தியது. பி.எஸ்ஸி. நர்ஸிங் தேறி, நர்ஸாகப் பதிவு செய்துகொண்டு, குறைந்தது ஒரு வருஷமாவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கே அதில் இடம். படிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் புஸ்தகம். மீதி நாலு பங்கும் நோயாளியின் படுக்கையருகில். தேறியவர் ஆஸ்பத்திரி வகுத்த விதிகளுக்கு உட்பட்டுச் சோதனைகளுக்கு எழுதலாம், மருந்து கொடுக்கலாம். டாக்டர் வருமட்டும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

மற்றொரு படிப்பு பிரசவத்தைப் பற்றியது. 2018-ஆம் வருஷம் டிசம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட திட்டத்தின்படி, பிரசவ அறையில் அனுபவம் பெற்ற நர்ஸுகளுக்குப் பதினெட்டு மாதம் தனிப் பயிற்சி. சிக்கலற்ற பிரசவத்தை முதலிலிருந்து முடிவு வரை தாமே பொறுப்பேற்று நடத்துவதும், சிக்கல் தலை காட்டிய மாத்திரத்தில் டாக்டரிடம் ஒப்படைப்பதும் அவர்கள் வேலை. தமிழ்நாட்டுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. நமக்குப் பெருமைதான். ஆனால் அதே கணக்கில் இன்னோர் இலக்கமும் இருக்கிறது: நூற்றில் 44.9 பிரசவங்கள் வயிற்றைக் கீறி நடந்தவை. நம் பாட்டிமார்களுக்கு இருந்த அபாயம், கத்தி வேண்டியபோது கிடைக்கவில்லை என்பது. நம் பெண்களுக்கு இருக்கும் அபாயம், கத்தி வேண்டாதபோதும் வந்து விடுகிறது என்பது. கூடவே இருந்து, தைரியம் சொல்லி, பொறுத்திருந்து பார்க்கத் தெரிந்த ஒரு மருத்துவச்சி இருந்தால் அவற்றில் எத்தனை தவிர்க்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் நமக்கு அந்நியமான சரக்கு என்று நினைக்கவும் நியாயமில்லை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-இலேயே நர்ஸுகளுக்குப் பயிற்சி தொடங்கி விட்டது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கட்டர், பின்னர் டாக்டராகித் திரும்பி வந்து வேலூரில் ஆஸ்பத்திரி கட்டினார். அதோடு நில்லாமல் 1909-இல் நர்ஸுகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார். டாக்டர் ஒருவர் கையால் மட்டும் ஆஸ்பத்திரி நடவாது என்பதை அறிந்தவர் அவர். 1926-இல் சென்னை மாகாணம் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. 1946-இல் ஸர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி, தேசத்தில் நர்ஸுகள் எவ்வளவு அரிது என்பதை எடுத்துக் காட்டியது. அதே வருஷத்தில் டில்லியிலும் வேலூரிலும் நர்ஸிங் பட்டப் படிப்பும் ஆரம்பமாயிற்று. 1947-இல் இந்திய நர்ஸிங் கவுன்ஸில் சட்டம். அதற்குப் பதிலாக 2023-இல் தேசிய நர்ஸிங், மருத்துவச்சிக் கமிஷன் சட்டம். ஏணி எழுபது எண்பது வருஷமாகக் கட்டப்பட்டு வருகிறது. மேல் படிதான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அதை ஏன் அழுத்தி வைக்கவில்லை? டாக்டர்களுடைய ஆட்சேபத்தையும் நாம் கேட்க வேண்டும். 2019-ஆம் வருஷத்துத் தேசிய வைத்தியக் கமிஷன் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, சமூக சுகாதார ஊழியர் என்ற பெயரில் சிலருக்கு முதல்நிலைச் சிகிச்சையிலும் நோய்த் தடுப்பிலும் மட்டும், குறிப்பிட்ட மருந்துகளை எழுத வரையறுத்த அனுமதி தரலாம் என்று கூறுகிறது. அது மசோதாவாக இருந்தபோதே டாக்டர்கள் தேசமெங்கும் கிளர்ச்சி செய்தார்கள். 'அரை வைத்தியரை உண்டாக்காதீர்கள்; பணக்காரனுக்கு டாக்டர், ஏழைக்கு நர்ஸ் என்று இரண்டு பந்தி போடாதீர்கள்' என்பது அவர்கள் வாதம்.

இரண்டாவது வாதத்தை நாம் தலை வணங்கி ஒப்புக்கொள்கிறோம். டாக்டர் உத்தியோகத்தைக் காலியாக வைத்துவிட்டு, மலிவாகக் கிடைக்கிறாள் என்று அந்த நாற்காலியில் நர்ஸை உட்கார வைப்பது நோயாளிக்கும் துரோகம், அவளுக்கும் துரோகம். ஆனால் முதல் வாதம் நமக்கு விளங்கவில்லை. அரை வைத்தியர் என்பவர் யார்? தன் அறிவின் எல்லை தெரியாதவர். அன்று சந்தையில் அந்தப் பெண் செய்த காரியத்தைப் பாருங்கள். அவள் மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. நோயைக் கண்டாள், நேரத்தைக் குறித்தாள், செய்யக் கூடாததைத் தடுத்தாள், உரியவரிடம் அனுப்பினாள். எல்லையைப் படிப்பினால் அறிந்தவளுக்கு, அந்த எல்லை மட்டும் சட்டப்படி அதிகாரம் கொடுப்பதால் அரை வைத்தியர் பெருகமாட்டார். பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குத்தான் வியாபாரம் குறையும்.

அதிகாரத்தோடு ஊதியமும் சேர வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் நாம் பாதிதான் சொன்னவர்களாவோம். இத்தகைய பணியாளர்களில் பலர் ஒப்பந்த முறையில், தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். ஐயாயிரம் பேருடைய ரத்த அழுத்தத்தைக் குறித்து வைப்பவளுக்குத் தன் வேலை அடுத்த வருஷம் இருக்குமா என்ற கவலையினாலேயே ரத்த அழுத்தம் ஏறக்கூடாது. பெயர் நீளமாகவும் சம்பளம் குட்டையாகவும் உள்ள உத்தியோகத்துக்கு நல்ல பெண்கள் எத்தனை நாள் வருவார்கள்? அவர்கள் கடல் கடந்து போனால், 'தேச சேவையை மறந்தார்கள்' என்று நாம் கட்டுரை எழுதிப் பிரயோஜனமில்லை.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நர்ஸிங் படிக்க வைப்பதானால் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்துச் சேர்க்காதீர்கள். 'ஒரு வருஷத்தில் நர்ஸ், உடனே வேலை' என்ற பலகைகள் நம் பஸ் நிலையங்களைச் சுற்றி நிறையத் தொங்குகின்றன. பட்டப் படிப்பு நாலு வருஷம். டிப்ளமா மூன்று வருஷம். கிராம சுகாதாரத்துக்குரிய துணை நர்ஸ் படிப்பு இரண்டு வருஷம். இவற்றுக்கு அங்கீகாரம் உண்டா, தேறிய பின் தமிழ்நாடு நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்ஸிலில் பதிவு செய்துகொள்ள முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். பதிவு இல்லாதவள் எத்தனை வெள்ளை உடை உடுத்தினாலும் சட்டத்தின் கண்ணில் நர்ஸ் அல்ல. பிறகு நாலு வருஷத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். மேலே படிகள் இருக்கின்றன.

சென்ற வாரம் மார்க்குப் பட்டியலும் கையுமாக ஒரு தகப்பனார் நம் வீட்டுக்கு வந்தார். பின்னால் வழக்கம் போல் ஒரு பெண் தலை குனிந்து நின்றாள். "டாக்டருக்குப் போதாதுங்களா ஸார்?" என்று கேட்டார். வாயில் அந்தப் பழைய சொல் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினோம். "அது இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை பெண்ணை அழைத்துக்கொண்டு சந்தைக்கு வாருங்கள். தேங்காய்க்காரர் ஒருவரையும், நம்மிடம் படித்த ஒரு பெண்ணையும் காட்டுகிறோம். பார்த்த பிறகு என்ன படிப்பது என்று அவளே சொல்லட்டும்" என்றோம்.

பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள்.